இறால் தூளும் என் மூச்சும்

டொக்டர் தர்ஷினியின் ஆராய்ச்சிக் கோவையில் எனக்குப் பெயர் கிடையாது. அதில் நான் பதினேழாம் இலக்கம். வயது, உயரம், நிறை, செய்யும் தொழில், ஊதிய காற்றின் அளவு எல்லாம் அதில் இருக்கின்றன. நான் யார் என்பது மட்டும் இல்லை. "அப்பிடித்தான் இருக்க வேணும், ஜெயராணி. ஆக்கள் ஆரெண்டு வெளியில தெரியக்கூடா" என்று அவர் விளக்கினார். நியாயம்தான். ஆனால் அந்தக் கோவையில் எழுதாமல் விட்டதும் நடந்ததுதானே. அதை நான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கரடியனாற்றில், வயல் செய்கிற குடும்பத்தில். கலியாணம் பிந்தித்தான் நடந்தது, முப்பத்துமூன்று வயதில். யோகன் வவுணதீவுப் பக்கத்து வாவிக்கரைக்காரர். சின்னக் கூனி இறாலைக் காயவைத்துச் சாக்கில் கட்டி, மோட்டார்சைக்கிளில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து விற்பார். முதலில் கூனி வாங்குவதற்காக வாசல் படலையடிக்குப் போனேன். பிறகு வாங்கத் தேவையில்லாத நாட்களிலும் போனேன். அக்காதான் கண்டுபிடித்தாள். "வீட்டில கூனி நாலு போத்தல் கிடக்கு. இன்னும் என்னத்துக்கு வாங்குற?" என்று கேட்டுவிட்டு, அவளே அவருடைய வீட்டாரிடம் போய்க் கதைத்தாள்.

கலியாணம் முடிந்த அடுத்த வருடம் அரைக்கும் மிஷின் ஒன்று வாங்கினோம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு அதற்குள் வைத்தோம். அவர் இறாலைக் காயவைப்பார். நான் அரைத்து, அரிதட்டில் அரித்து, பொதி செய்வேன். சம்பலுக்கும் சொதிக்கும் போடுகிற இறால் தூள். மட்டக்களப்பு டவுன் கடைகளில் எங்கள் பொதியைக் கேட்டு வாங்குவார்கள். மிஷின் ஓடும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அன்பான சொல்லைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் கரண்ட் போய் மிஷின் திடீரென்று நின்றுவிட, அவர் கத்திய கத்தல் பக்கத்து வளவுவரை கேட்டுவிட்டது. இரண்டு நாள் நான் வெளியில் தலைகாட்டவில்லை.

வேலை முடியும்போது என் தலைமயிர், கண்ணிமை, கழுத்து மடிப்பு எல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கும். வாவித் தண்ணீரும் வெயிலும் உப்பும் சேர்ந்த அந்த வாசம் அவருடைய சட்டையிலும் இருக்கும், என் தலையணையிலும் இருக்கும். பிந்தி வந்த வாழ்க்கை அல்லவா, எனக்கு அது அலுக்கவே இல்லை.

நோய் வருத்தம் இருமலாகத்தான் வந்தது. எனக்கு முப்பத்தேழு வயது, மழைக்காலம் முடிந்த கையோடு. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். தலைக்குக் குளிப்பதை நிறுத்தினேன். பூனையை யோகனின் தம்பி வீட்டுக்கு அனுப்பினோம். இருமல் போகவில்லை. ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும், தூள் அரித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ ஈரத்துணியால் சுற்றி முறுக்குவதுபோல இருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. முட்டு வருத்தத்தில், ஆஸ்துமா என்கிறார்களே அதில், மூச்சை எடுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

யோகன் என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றி, விழாமல் இருக்கச் சேலையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழி முழுக்க அவருடைய சட்டையில் முகத்தைப் புதைத்தபடி போனேன். அது எவ்வளவு பிழையான இடம் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க்கை வைத்தார்கள். அதற்குள் மருந்து புகைபோல வந்தது. கால் மணி நேரத்தில் முறுக்கிய துணி மெல்ல அவிழ்ந்தது. மூன்று நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு, இரண்டு பம்ப் தந்து அனுப்பினார்கள். நெஞ்சுக்குள் காற்றுப் போகிற சின்னச் சின்னக் குழாய்களைச் சுற்றித் தசை இருக்கிறதாம். அது இறுகும்போது நீலப் பம்ப் அடித்தால் உடனே தளரும். ஆனால் குழாயின் உட்பக்கம் வீங்கிச் சளி கட்டியிருக்கிறதே, அதை ஆற்றுவது மண்ணிறப் பம்ப். அது மெல்ல, ஆறுதலாகத்தான் வேலை செய்யும், சுகமாக இருக்கிற நாளிலும் விடாமல் அடிக்க வேண்டும். இதை நான் விளங்கிக்கொள்ளவே பல மாதங்கள் ஆயின. நீலம் உடனே சுகம் தந்தது, அதனால் அதையே நம்பினேன்.

அந்த வருடம் மூன்று தரம் வார்டில் கிடந்தேன். அங்கே கிடந்தால் சுகம், வீட்டுக்கு வந்தால் பழையபடி. பார்வை நேரத்தில் யோகன் சோற்றுப் பொதியோடு வருவார். வார்டு வாசலில் ஆட்கள் தெரியத் தொடங்கியதும் நான் எழுந்து குந்திவிடுவேன். பக்கத்துக் கட்டில் அக்கா சிரிப்பார். "என்ன, நேத்துத்தான் கலியாணம் முடிச்சயா?" யோகன் போன பிறகு மாலையில் எனக்குத் திரும்பவும் இழுக்கும். மனம் ஏங்குவதால் வருகிறது என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்து, இன்னும் நெருக்கமாக வந்து இருப்பார்.

ஊரில் எல்லாரும் நெல்லைத்தான் குற்றம் சொன்னார்கள். வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள், சின்ன வயதில் இழுத்த பதர்த் தூசி இப்போது வேலை காட்டுகிறது என்றார்கள். அதனால் அறுவடைக் காலத்தில் கரடியனாற்றுப் பக்கம் போகவே கூடாது என்று எனக்குக் கட்டளை. அந்த வருடம் அக்காவுக்கு வயிற்றில் ஒப்பரேசன். பார்க்க வேறு ஆள் இல்லை. பம்ப் இரண்டையும் சேலை முடிச்சில் வைத்துக்கொண்டு, செத்தாலும் பரவாயில்லை என்று போனேன். வயல்வட்டை முழுக்க நெல் வெட்டும் மிஷின்கள் ஓடின. தூசி வீட்டுக்குள் மஞ்சளாகப் படிந்தது. நான் கூட்டினேன், சமைத்தேன், அக்காவைத் தூக்கி இருத்தினேன். ஐந்தாம் நாள், கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. நான் பாடிக்கொண்டு நின்றேன். மூச்சு முட்டுகிறவளால் பாட ஏலுமா?

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அப்போதுதான் டொக்டர் தர்ஷினி வந்தார். மார்பு நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். மற்றவர்கள் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். இவர் வேறு மாதிரிக் கேட்டார்.

"கடைசியா எப்ப சுகமா இருந்தீங்க?"

"போன கிழமை, டொக்டர். கரடியனாத்தில, அக்கா வீட்ட."

"அங்க நீலப் பம்ப் எத்தின தரம் அடிச்சீங்க?"

"ஒருக்காவும் இல்ல."

"அறுவடை நடக்கல்லயா அங்க?"

"நடந்த. ஊரெல்லாம் தூசி."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "வீட்ட நீங்க என்ன தொழில் செய்யிற?"

"இறால் தூள் அரைக்கிற, டொக்டர். டவுனில எங்கட தூள்தான் நல்லா ஓடுற" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எனக்கு ஒரு சின்னக் குழல் தந்தார். முழு மூச்சையும் எடுத்து ஒரே ஊதாக ஊத வேண்டும். உள்ளே இருக்கிற முள் நகர்ந்து, எவ்வளவு வேகமாகக் காற்று வெளியேறுகிறது என்று காட்டும். அதற்குப் பீக் ஃப்ளோ மீட்டர் என்று பெயர். காய்ச்சலுக்கு வெப்பமானி போல முட்டுக்கு இது. ஒரு நாளைக்கு நாலு தரம் ஊதி எழுத வேண்டும். இரண்டு கிழமை வீட்டில் வேலை செய்தபடி, இரண்டு கிழமை அக்கா வீட்டில்.

ஒரு மாதம் கழித்து அந்த எண்களைக் கோடாக வரைந்து எங்கள் இருவருக்கும் காட்டினார். வீட்டில் இருந்த நாட்களில் கோடு படிப்படியாக இறங்கியது. கரடியனாற்றுக்குப் போன மூன்றாம் நாள் தலை தூக்கி மேலே ஏறியது. படிக்காதவர்களுக்கும் விளங்கும். யோகன் இறங்குகிற கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"அப்ப இது நான் குடுத்த வருத்தமா, டொக்டர்?"

"ஆரும் குடுத்ததில்ல" என்றார் டொக்டர். இறாலின் தசையில் ஒரு புரதம் இருக்கிறதாம். வெயிலில் காய்ந்தாலும் சூட்டில் அவிந்தாலும் அது அழியாது. தூளாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும்போது, சிலருடைய உடம்பு அதைக் கிருமி என்று பிழையாக எண்ணி, அதை எதிர்ப்பதற்கென்றே பிறபொருளெதிரி என்று ஒன்றை இரத்தத்தில் உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் போர்தான்.

"நான் பிறந்ததில இருந்து இறாலுக்குள்ள கிடக்கிறன். எனக்கு ஏன் வரல்ல?" என்று யோகன் கேட்டார்.

"தெரியா. அதைத்தான் தேடுறம்" என்றார் அவர். ஒரு டொக்டர் தெரியாது என்று சொன்னதை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். ஏனோ அதற்குப் பிறகு அவரை முழுதாக நம்பினேன்.

வாவிக்கரையில் இறால் காயவைத்து அரைக்கிறவர்களைப் பற்றி அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கோடு சந்தேகத்தைத்தான் காட்டுகிறது, உறுதியாகச் சொல்ல ஒரு பரிசோதனை இருக்கிறது என்றார். மலைநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்று அறை இருந்தது. அங்கே என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இறால் தூளை முகர வைப்பார்கள். முட்டு வரக்கூடும். வந்தால் உடனே நிறுத்தி மருந்து தருவார்கள். "நீங்க ஏலா எண்டா ஏலாதான். அதுக்காக உங்கட வைத்தியம் ஒண்டும் குறையாது" என்று சொல்லித்தான் கடதாசியைத் தந்தார். ஒரு இரவு யோசித்தேன். வெறும் சந்தேகத்துக்காக அந்த மிஷினை விட என்னால் முடியாது. கையெழுத்துப் போட்டேன். உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, காரணம் இறால் இல்லை என்று வந்துவிடாதா என்று.

ஆறு நாள் அங்கே இருந்தேன். யோகன் கூட வரக்கூடாது. அவருடைய உடுப்பில், பையில், மயிரில் இருக்கிற தூளே கணக்கைப் பிழையாக்கிவிடும். நடுவில் ஒரு நாள் மட்டும், அங்கேயே குளித்து, புதுச் சட்டை போட்டு வந்து பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து குளித்துவிட்டு வந்து நின்றார். குளிரில் உதடு நடுங்கியது. புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் அழியவில்லை. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அவருடைய தோளில் முகத்தை வைத்தேன். சவர்க்காரம் மணத்தது. யாரோ ஒருவருடைய தோள்போல இருந்தது.

முதல் நாள் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் என்னை இருத்தி, பால்வெல்லம் என்கிற வெறும் பாற்சர்க்கரைத் தூளை ஒரு தட்டில் இருந்து மற்றத் தட்டுக்குக் கொட்டச் சொன்னார்கள். தூசி என்ற பயத்தினால் மட்டும் மூச்சு இறுகுகிறதா என்று பார்ப்பதற்காம். நாள் முழுக்க ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த நாள் தட்டு வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பால்வெல்லத்தோடு கலந்திருந்தார்கள், நிறம் மங்கல்தான். ஆனால் வாசம்! குளிர்ந்த அந்த ஊரில், மருந்து மணக்கிற அந்த அறைக்குள், திடீரென்று எங்கள் வளவு வந்து நின்றது. பாயில் காய்கிற இறால், தகரக் கொட்டிலின் சூடு, மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிற யோகன். கையில் ஊசிக்குழாய் குத்தியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே, இதற்காகவே கூட வந்திருந்த டொக்டர் தர்ஷினி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாகக் கொட்டுங்கள், சாதாரணமாக மூச்சு எடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஆழமாக எடுத்தேன். வேண்டுமென்றே எடுத்தேன். ஆறு மாதமாக நல்ல தண்ணீர் குடிக்காதவள்போல எடுத்தேன்.

ஒரு நிமிடம். வெளியே வந்து ஊதினேன். குறையவில்லை. பிறகு இரண்டு நிமிடம். பிறகு ஐந்து. ஒரு செக்கனுக்குள் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்று கணினி கோடு போட்டது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கோடு சரிந்தது. எனக்கும் தெரிந்தது, ஈரத்துணி வந்து சுற்றிக்கொண்டது.

"போதும், நிப்பாட்டுங்க" என்றார் டொக்டர்.

"இன்னும் ஒருக்கா..." என்றேன்.

"என்னத்துக்கு?"

நான் தட்டைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டை மூடிவிட்டு, தானே மருந்து மாஸ்க்கைக் கொண்டுவந்து என் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அது தளர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பவும் வந்தது, முதலாவதைவிடப் பலமாக. இப்படி மணித்தியாலங்கள் கழித்து வருவதும் இந்த நோயின் குணம் என்றும், காலையில் வேலை செய்துவிட்டு மாலையில் முட்டுகிறவர்கள் காரணத்தைக் கண்டுபிடிக்காமலே போவது அதனால்தான் என்றும் பிறகு விளக்கினார்கள். வார்டில் யோகன் வந்துபோன மாலைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்த நேரத்தில் அவர் தொலைபேசியில் எடுத்தார். என்னால் பேச முடியவில்லை. தாதி வாங்கி, "அக்கா நல்லா இருக்காங்க, மூச்சு மட்டும் கொஞ்சம் கஷ்டம்" என்றாள்.

இனிச் சந்தேகம் இல்லை. மாஸ்க் போட்டாலும் போதாது, விலகத்தான் வேண்டும் என்றார் டொக்டர். விலகினால் நெஞ்சு ஆறும். ஒரு வருடம் விலகியிருந்தால் இறாலையும் தாங்குமா என்று கேட்டேன். "சில பேருக்குக் குறையலாம். சரியா ஆருக்கு எண்டு எங்களுக்குத் தெரியா. ஒரு வருசத்தில திருப்பிப் பாப்பம்" என்றார். அந்தச் "சில பேரை" நான் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கரடியனாற்றில் அக்காவோடு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகன் வருவார். தூள் போகத் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் குளித்து, தம்பி வீட்டில் வைத்திருக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். வாசலில் கதிரை போட்டு, மூன்றடி தள்ளி இருந்து கதைப்போம். மண்ணிறப் பம்பைக் காலை மாலை தவறாமல் அடித்தேன். வேலை முடிந்து அவர் போன் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது மிஷினைத்தான். "ஓடுதா?" "ஓடுது." "பெல்ட் மாத்தினீங்களா?" "மாத்தின." "கடையில என்ன சொல்ற?" "முந்தின மாதிரி நைசா இல்லையாம், நீ அரைச்ச மாதிரி இல்லையாம்." அதைக் கேட்டால் எனக்கு அன்றைய நாள் போதும்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டை விட்டு, வேலையை விட்டு விலகிய நாட்களில் மூச்சு இலேசாகிறது என்றால், அதை உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எனக்கு ஒரு வருடம் வீணானது யாரும் கேட்காததாலும் நான் சொல்லாததாலும்தான்.

ஒரு வருடம் முடிந்து அதே கண்ணாடி அறைக்குப் போனேன். நெஞ்சு நன்றாக ஆறியிருந்தது. சாதாரணமாக ஊதியபோது கணினிக் கோடு நோயில்லாத ஆளின் கோடுபோல இருந்தது. தாதி கைதட்டினாள். அடுத்த நாள் தட்டு வந்தது. இரண்டு நிமிடத்தில் கோடு விழுந்தது, போன தரத்தைவிட விரைவாக.

டொக்டர் தர்ஷினி என் கட்டிலில் வந்து இருந்தார். "உங்கட நெஞ்சு ஆறிட்டு, ஜெயராணி. ஆனா ரத்தம் மறக்கல்ல" என்றார். பிறகு, "இது எங்களுக்குப் பெரிய விசயம். விலகினா எது மாறும், எது மாறாது எண்டு உங்களாலதான் பாக்க ஏலுமாகின. உங்களுக்குத்தான் இதில நல்ல சேதி இல்ல" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான்தான் அவரைத் தேற்றினேன்.

மட்டக்களப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது யோகன் ஒரு ஆட்டோவில் சாய்ந்து நின்றார்.

"ஆருட ஆட்டோ?"

"வாடகைக்கு எடுத்து ஓடுறன்."

"மிஷின்?"

அவர் என் பையை வாங்கிப் பின்னால் வைத்தார். "குடுத்திட்டன், புள்ள. ரெண்டு மாசமாகுது. நல்ல முடிவு வந்தா திருப்பித் தாறன் எண்டுதான் அந்த மனிசன் வாங்கின."

"தினம் கேட்டனே. ஓடுது எண்டீங்களே."

"நீ கேக்கிறப்ப உன்ட குரல் எப்பிடி இருக்கும் தெரியுமா? மறுகா எப்பிடிச் சொல்ற?"

பஸ் நிலையத்தில் நின்றே சண்டை பிடித்தேன். "அது என்ட மிஷினும்தான். என்னைக் கேட்டிருக்க வேணும் நீங்க." பரிசோதனை முடிவைக் கேட்டபோது வராத கோபம் அப்போது வந்தது.

"ஓம். கேட்டிருக்க வேணும்" என்றார் அவர். தலை குனிந்தபடி நின்றார். "ரெண்டு முடிவுக்கும் வீடு தயாரா இருக்க வேணும் எண்டு நினைச்சன். திருப்பியும் உன்னைக் கொண்டுபோய் அக்கா வீட்ட விட என்னால ஏலா."

ஏறினேன். பாலம் தாண்டும்வரை முகத்தை வாவிப் பக்கமே திருப்பி வைத்திருந்தேன்.

வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். கூரைத் தகரம் கழுவியிருந்தது. தலையணை, பாய், திரைச்சீலை எல்லாம் புதிது. பின்னால் கொட்டில் இல்லை. அது நின்ற இடத்தில் வெள்ளை மணல் பரப்பி, வாழைக் குட்டி இரண்டு நட்டிருந்தார். நான் அந்த மணலில் போய்க் குந்தினேன். அந்த வாசத்தில் ஏதாவது மிச்சமிருக்குமோ என்று மூச்சை ஆழமாக இழுத்தேன். மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய், அதேபோல வெளியே வந்தது. ஈர மணலும் சுண்ணாம்பும்தான் மணத்தன. இன்னும் ஒரு தரம் இழுத்தேன். பிறகு அழுதேன்.

யோகன் ஓடிவந்து பக்கத்தில் குந்தினார். கையில் நீலப் பம்ப் இருந்தது.

"முட்டுதா, புள்ள?"

"இல்ல."

"மறுகா என்னத்துக்கு அழுற?"

"முட்டல்ல" என்றேன். "அதுதான்."